மழைக்குள் வரும் சங்கொலி

விடியற்காலை நான்கரை மணி. வாடைக்காற்று, விடாத மழை. அதையும் மீறிச் சங்கும் சேமக்கலமும் எங்கள் ஒழுங்கைக்குள் வருகின்றன. திருவெம்பாவைக் காலம்! மார்கழித் திருவாதிரையோடு நிறைவடையும் 10 நாட்கள், மாணிக்கவாசகரின் 20 பாடல்கள். எங்கள் திருகோணமலையில், சுவாமி மலைக்குப் போகும் கோட்டை வீதியில் மான்கள் நனைந்தபடி நிற்கும். கோணேசர் சந்நிதியில், கீழே கடல் இரைய, பாட்டுக் கேட்பதற்கு ஈடாக எனக்கு வேறொன்றும் இல்லை.

அடுத்த வீட்டில் பாலன் குடில் கட்டி முடித்துவிட்டார்கள். வைக்கோல் தேடிக் கொடுத்தது நான்தான். அந்த அக்காவின் றிச் கேக் நத்தாருக்கு முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கோயில் கடலையும் மோதகமும் அங்கே போகும். சிறு வயதிலிருந்தே இப்படித்தான்.

ஆனால் 25ஆம் திகதி இரவு வெடிச்சத்தம் ஓய்ந்ததும் ஊர் அமைதியாகிவிடும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை. பூசைக்குப் போனவர்களும் கோயிலுக்குப் போனவர்களும் விகாரைக்குப் போனவர்களும் ஒரே கடலுக்குப் பயந்து ஓடிய சுனாமிக் காலை அது. இன்றும் 9.25க்கு இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம். அம்மா மட்டும் அதற்குப் பிறகும் உட்காரமாட்டார்.

நேற்று மதிலுக்கு மேலால் அக்கா கேட்டார்: "தம்பி, பேரப்பிள்ளைகள் கொழும்பிலிருந்து வருகிறார்கள். கடலை கொஞ்சம் கூடக் கொண்டு வருவாயா?"

இரண்டு கிலோ ஊறப்போட்டிருக்கிறோம்.