கெடிலம் முகத்துவாரத்தில் உள்ளான் பார்த்த கதை

உள்ளான் என்கிற சேற்றுக்கரைப் பறவையைப் பார்க்கப் போகும் பழக்கம் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கெடிலம் ஆறு கடலில் சேருகிற இடம் வரை மணலில் நடை. கையில் 8 மடங்கு பைனாகுலர், ஒரு நோட்டு.

முதல் இரண்டு வாரம் வீண். ஊர்ப்பக்கக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, எல்லாப் பறவையும் காக்கா நிறம். கடல் பக்கத்து மணல்திட்டுக்குப் போய், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே பார்க்க வேண்டும் என்பது மூன்றாம் வாரம்தான் உறைத்தது.

நிறம் தெரியாத தூரத்தில், எந்தப் பறவை என்று பிரிக்க நடையே போதும். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து. உள்ளான் தலையைக் குனிந்தபடி சேற்றைக் குத்திக்கொண்டே போகும்.

குழப்பம் வளைமூக்கு உள்ளானில்தான். செப்டம்பரில் பார்த்தவற்றின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் இருந்தன. அக்டோபரில் வந்தவற்றில் அது இல்லை, முதுகு முழுக்க மீன்செதில் அடுக்கினாற்போல வெளிர் விளிம்பு, அதனால் இரண்டும் வேறு வேறு இனம் என்றே எழுதி வைத்திருந்தேன் (அதுவும் பேனாவில்). ஆனால் மூக்கின் வளைவு ஒன்றுதான், பறக்கும்போது வாலுக்கு மேலே தெரிகிற வெள்ளையும் ஒன்றுதான். அப்புறம் படித்துப் பார்த்தால், செங்கல் நிறம் பெரியவை கோடையில் பூண்ட நிறத்தின் மிச்சம். செதில் முதுகு இந்த வருஷம் சைபீரியாவின் வடகோடியில் பொரித்த குஞ்சு. பெரியவை முன்னாலேயே கிளம்பிவிடுமாம், குஞ்சுகள் சில வாரம் கழித்து வழிகாட்ட ஆளில்லாமல் தாமாகவே வந்து சேருமாம்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். "எல்லாம் உள்ளான்தான் தம்பி, பெருசு என்ன சிறுசு என்ன" என்றார்.

இப்போது காலில் வளையம் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். தெற்கே கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவை எங்கெங்கே போகிறது என்று அறிய, பல வருஷமாக மாட்டி விடுகிறார்கள், எனக்கு இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.

போன ஞாயிறு ஒரு கூட்டத்தில் 37 எண்ணினேன். செதில் முதுகு 11 வரை வந்தபோது நாய் ஒன்று பாய்ந்து மொத்தமும் பறந்துவிட்டது, மிச்சத்தை 'தெரியவில்லை' என்று எழுதினேன். மழை பிடித்து ஆற்றில் வெள்ளம் வந்தால் திட்டு முங்கிவிடும், அதற்குள் இன்னும் இரண்டு ஞாயிறு கிடைத்தால் சரி.