அ-வை விட்டு ட-வுக்கு வந்த கதை

பெரியவனுக்கு ஐந்து வயதானதும் எல்லோரையும் போல நாங்களும் பாலர் பள்ளியில் சேர்த்தோம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வீடு. என் கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. காலையில் மோட்டாரில் கொண்டுபோய் இறக்கினால் பிள்ளை வாசலிலேயே வாந்தி எடுப்பான். மூன்று மாதம் பார்த்தோம். ஏன் இப்படி என்று பள்ளியில் கேட்டால், "பழகிடும்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். சரி, ஒன்றாம் ஆண்டு (ஒன்றாம் வகுப்பு) வரும் வரை வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம் என்று நிறுத்திவிட்டேன்.

அத்தைக்குத்தான் தாங்கவில்லை. "நாங்கள்லாம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிப் பிள்ளைங்கள பள்ளிக்கு அனுப்பினோம். நீ பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றியேம்மா!" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜெயிலில் போடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியதால் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1996 கல்விச் சட்டத்தில் 2002-இல் திருத்தம் செய்து, 2003 முதல் தொடக்கப்பள்ளியைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஜனவரி 1 அன்று ஆறு வயது நிரம்பியிருக்கும் பிள்ளையை அந்த ஆண்டே ஒன்றாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். தவறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப் பிறகும் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டுமானால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். என் மகன் பாலர் வயதுதான் என்பதால் அந்தக் கட்டாயம் அப்போது எங்களுக்கு இல்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளே நான் ஒரு பள்ளிக்கூடமாக மாறிவிட்டேன். வெள்ளைப்பலகை, சுவரில் கால அட்டவணை, எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை பாடம். முதல் எழுத்து அ. அவன் சுழியைப் போடுவான், அது முட்டையாகும். அழிப்பான், தாள் கிழியும். நான்காவது நாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான், வரவே இல்லை.

எதிர்வீட்டு டீச்சரம்மா தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிழிந்த தாளைப் பார்த்துச் சிரித்தார். "பாட அ-வில தொடங்கு. எழுத ட-வில தொடங்கும்மா" என்றார். மேலிருந்து ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, ட வந்துவிட்டது. அப்படியே மேலே ஏற்றினால் ப. அந்தக் கையை உள்ளே மடக்கினால் ம. இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதிவிடலாம். ஒரு நாள் வடை சுற்றி வந்த பழைய பேப்பரில் எண்ணெய்க் கறைக்கு நடுவே ம் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி வட்டம் போட்டான். இருபத்து மூன்று. வடை ஆறிப்போனது.

மலாய் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பா, பி, பு என்று அசையாகச் சேர்த்துப் படிப்பது நம் உயிர்மெய் மாதிரிதானே? புக்கு (புத்தகம்), போலா (பந்து) எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. ஆங்கிலத்தை அப்போதைக்குத் தள்ளிவைத்தேன்.

எண்ணுவதற்கு ரப்பர் கொட்டைகள் பொறுக்கி வந்தோம். பார்க்க அழகு. மூன்று வயது சின்னவள் ஒன்றை வாயில் போட்டுவிட்டாள். பச்சைக் கொட்டை விஷம். விரலை விட்டு எடுத்தேன், அன்றே எல்லாவற்றையும் வீசினேன். அப்புறம் பெருக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். மூன்று கட்டும் நான்கு குச்சியும் முப்பத்து நான்கு. இடமதிப்பை நான் தனியாகச் சொல்லித் தரவே இல்லை.

நான்கு மணி நேரப் பாடம், பசியாறிய பிறகு நாற்பது நிமிடமாகச் சுருங்கியது. அவருக்கு இரவு ஷிப்ட் என்றால் பகலில் தூங்குவார். அந்த வாரங்களில் வகுப்பு ரம்புத்தான் மரத்தடியில். கொசு அதிகம், ஆனால் சத்தம் போடலாம். எதை விட்டுவிட்டோம் என்று பார்க்க, அமைச்சின் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தை இறக்கி வைத்திருந்தேன். மாதம் ஒரு முறை புரட்டுவேன், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளோடு பழக வேண்டுமே என்று சாயங்காலம் திடலில் விட்டுவிடுவேன். பந்து விளையாட்டும் சண்டையும் அங்கே தாராளமாகக் கிடைத்தன.

இப்போது அவன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. முதல் நாள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான், ஆனால் வாந்தி இல்லை. சின்னவளுக்கு ஐந்தாகிவிட்டது. மரத்தடியில் ஈர்க்குக் கட்டோடு உட்காருகிறாள், ஆனால் ட வேண்டாமாம். அண்ணன் பெயரின் முதல் எழுத்துதான் வேண்டுமாம். அது ஜ. எங்கிருந்து தொடங்குவது என்று டீச்சரம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.