சுருதி இறங்கினது யாருக்கு?

திருநெல்வேலியில் ஒரு குடும்பம் வேன் பிடித்துப் பாபநாசத்துக்குக் குளிக்கப் போகிறது என்றால், புளியோதரைக்கு யார் பொறுப்பு என்பதில் சண்டை வராது. பாட்டுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் வரும். வாகையடி முக்குப் பக்கத்து வீடு ஒன்றில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஒரு பிடித்த இசை, எல்லாம் ஒரே பென் டிரைவில். கூடவே ஆளுக்கு ஒரு பிடித்த புத்தகம், படித்துறையில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ள. 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை' என்று வேலை பெரியப்பாவின் தம்பி மகன் தலையில் விழுந்தது. அவன் படித்தது சிவில்.

முதல் குழப்பம் 'ஆல்பம்' என்ற சொல்லிலேயே வந்தது.

"ஒங்களுக்குப் பிடிச்ச ஆல்பம் எது பெரியப்பா?"

"நம்ம மூத்தவ கல்யாண ஆல்பம்தாம்லே. லைட்டு நல்லா போட்டிருந்தான்."

ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் ஒரு படம் என்று கேசட் வாங்கி வளர்ந்தவருக்குப் படமே இல்லாத பாட்டுத் தொகுப்பு என்றால் புரியாதுதான். இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்', 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' இரண்டையும் காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது. அத்தான் உடனே இரண்டாவது எனக்கு என்றார். அன்றைக்குச் சிக்கலில்லாமல் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

பெரியப்பாவுக்கு நாதஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலம். 1921-ல் பிறந்து 1964-ல் போய்விட்ட மனிதர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகி குரலோடு சேர்ந்து வாசித்த அந்த ஆபேரி ராகப் பாட்டு போதுமே, போனிலேயே கிடைக்குமே என்றான் பையன். "அது ஊருக்கே பிடிச்சது. எனக்குப் பிடிச்சது அலமாரில இருக்கு" என்று ஒரு சி-90 (90 நிமிஷ) கேசட்டை எடுத்து நீட்டினார். ரேடியோவில் வந்தபோது பதிந்துவைத்த தோடி ராகம். அதோடு ஒரு நிபந்தனை. சேரன்மகாதேவி தாண்டி வேன் காருகுறிச்சிக்குள் நுழையும்போது அந்தத் தோடி பாட வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வருஷக்கணக்காகப் பாடாத கேசட்டை எடுத்ததும் பிளேயரில் போட்டு அமுக்குகிறவர்கள்தான் ரிப்பன் சிக்கி அழுகிறவர்கள். முதலில் பின்பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட வேண்டும்; தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. (பிறகு பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டினால் போதும்.) அடுத்து, பாட விடாமல் கடைசிவரை ஒருமுறை ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் அதில் விடுபடும். ரிப்பனுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பஞ்சுத் திண்டு இருக்கும். கேசட்டின் பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரிக் கேட்கும். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட காதுப் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். பெரியம்மை தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் பட்டால் உருளை ரிப்பனைப் பிடித்து இழுக்காமல் வழுக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பிளேயரின் இயர்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப்பின் மைக் ஓட்டைக்கு ஒயர் போட்டதும் ஒரே கரகரப்பு. மைக் ஓட்டை மிக மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்குவதற்காக உள்ளது. அதில் போய் இயர்போன் சத்தத்தை ஊற்றினால் தாங்காது. லைன்-இன் (பெரிய சத்தத்தை அப்படியே வாங்கும் ஓட்டை) உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அளவு காட்டும் பட்டை, சத்தம் உச்சத்துக்குப் போகும்போது மைனஸ் 6 டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் போனது போனதுதான். பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் கிழிசல் கிழிசலாகவே சின்னதாகும்.

பாட ஆரம்பித்தது. பெரியப்பா கண்ணை மூடினார். இரண்டாவது நிமிஷம் திறந்தார்.

"என்னலே, இழுக்காரு? ஒடம்புக்கு முடியாம வாசிச்சிருப்பாரோ?"

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பாரி என்கிற நீள நாதஸ்வரம் வழக்கமாக 2 கட்டை, 2½ கட்டையில் நிற்கும். போனில் தம்பூரா ஆப்பை வைத்துப் பார்த்தால் இது 1½ கட்டையில் இருக்கிறது. தவில் சொல் எல்லாம் ஆறின கஞ்சி மாதிரி வருகிறது. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தாத்தா பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "காருகுறிச்சியாருக்குச் சுருதி இறங்குமாவே? ஒம்ம டேப்புக்குப் பெல்ட்டு இறங்கியிருக்கும்."

அவர் சொன்னதுதான் சரி. உள்ளே மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் ரப்பர் பெல்ட் வயதானால் தளரும். ரொம்ப வயதானால் தார் மாதிரி உருகி விரலில் ஒட்டும். அரைக் கட்டை இறங்கினால் வேகம் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைந்திருக்கிறது என்று கணக்கு. 45 நிமிஷத்தில் முடிய வேண்டிய ஒரு பக்கம் ஏறத்தாழ 47 நிமிஷம் 40 விநாடி ஓடும். புது பெல்ட் போடுவது முறை. அவசரத்துக்கு ஆடாசிட்டியில் வேகத்தை 6 சதவீதம் கூட்டலாம். அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. 'பிட்ச்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சுருதி மட்டும் ஏறும், இழுவை அப்படியே நிற்கும். 'ஸ்பீட்' என்பதுதான் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யும். பையன் முதலில் பிட்சைத்தான் அமுக்கினான். 2 கட்டையில் ஆறின கஞ்சி வந்தது.

இரண்டாம் தடவை ஸ்பீட். தோடி நிமிர்ந்து உட்கார்ந்தது. பெரியப்பா தாத்தாவுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். கேசட் முழுவதும் வேவ் கோப்பாக வைத்தால் 950 எம்பி, 320 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஆக்கினால் 216 எம்பி. நாதஸ்வரத்துக்கு 128 வேண்டாம். தாளச் சத்தம் தண்ணீருக்குள் தட்டினது போலாகிவிடும்.

ஆச்சிக்கு வில்லுப்பாட்டு. கோயில் கொடையில் போனில் பிடித்த சுடலைமாடன் கதை, 3 மணி 20 நிமிஷம், ஒரே கோப்பு. போனைக் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே பிடித்திருக்கிறார்கள். குடத்தில் ஓர் அடி விழும்போதெல்லாம் போன் தானாகச் சத்தத்தை இறக்கிக்கொள்ள, புலவர் குரல் அரை விநாடி காணாமல் போகிறது. 20 அடி தள்ளி நின்று பிடித்திருந்தால் இவ்வளவு மோசமில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டி ஸ்டீரியோ பலவற்றுக்கு விட்ட இடம் ஞாபகம் இருக்காது. டீக்கு நிறுத்தி வண்டியை எடுத்தால் பிள்ளையார் காப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கும். அதனால் பத்துப் பத்து நிமிஷமாக 20 துண்டு போட்டான். கடிகாரத்தைப் பார்த்து வெட்டினதால் பாதித் துண்டுகள் பின்பாட்டுக்காரரின் "ஆமா!" என்று தொடங்கின. எதற்கு ஆமா என்பது முந்தின துண்டில் இருந்தது. "சாமி வாற எடத்த மட்டும் விட்டுருலே, வேன்ல எடம் காணாது" என்றாள் ஆச்சி.

பேத்திக்குக் கொரியப் பாட்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் ராத்திரியே இறக்கி, முதல் ஆளாக பென் டிரைவில் ஏற்றிவிட்டாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகப் பக்கம் அமைதியாக இருக்கும் என்று நினைத்தார்கள். சித்தப்பா வண்ணதாசன் கதைத் தொகுதியை எடுத்தார். அத்தான் கல்யாண்ஜி கவிதைத் தொகுதியை எடுத்தார்.

"என்ன இருந்தாலும் வண்ணதாசன் எழுத்துல இருக்க ஈரம் ஒங்க ஆளுக்கு வராது அத்தான்."

"போம்வே! கல்யாண்ஜி நாலு வரில சொல்லுதத ஒம்ம ஆளு நாப்பது பக்கம் இழுக்காரு."

இருபது நிமிஷம் நடந்தது. மைனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ரெண்டும் ஒரே ஆளு. நம்ம தி.க.சி. மகன். கதைக்கு ஒரு பேரு, கவிதைக்கு ஒரு பேரு" என்றாள். விமர்சகரான அப்பாவுக்கு 2000-த்திலும் மகனுக்கு 2016-லும் சாகித்ய அகாதமி கிடைத்த வீடு அது, டவுன்காரர்களுக்கே தெரியவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்பம் வண்ணநிலவனும் அவருதானா?" என்றார். இல்லை, அவர் வேறு ஆள். நெல்லைக்காரர்தான், ஆனால் வேறு ஆள். இந்தத் தடவை அதை நம்பவைக்க இன்னும் பத்து நிமிஷம் ஆனது.

அத்தான் புத்தகத்தின் 34-ம் பக்கத்தில் அல்வா நெய். போன தடவை இரவல் வாங்கினவர் திருப்பிக் கொடுத்ததே பெரிது, அல்வாவும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நெய்க் கறைக்கு ஈரத் துணி ஆகாது. பக்கத்தின் இரண்டு புறமும் டால்கம் பவுடரைத் தாராளமாகத் தூவி, டிஷ்யூ தாள் வைத்து, மேலே ஆட்டுக்குழவி கனத்துக்கு ஏதாவது ஏற்றி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் தட்டிவிட்டு இன்னொரு தடவை. புதுக் கறை பெரும்பாலும் போய்விடும். பழைய கறை மங்கும்; அவ்வளவுதான்.

சித்தப்பா புத்தகத்தில் பூச்சி. ஊசி ஓட்டை அட்டையில் நுழைந்து முன்னுரையைக் கடந்து மூன்றாம் கதையில் நின்றிருந்தது. அதற்கு மருந்து குளிர். காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18-ல் இருக்கிற வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே அப்படியே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் தாளில் வேர்த்துவிடும். சித்தப்பா அவசரமாகக் கறுப்புக் கேரிபேக்கில் சுற்றி உள்ளே வைத்தார். மறுநாள் மைனி நெத்திலி என்று எடுத்துத் தண்ணீரில் போடப் போனது தனிக்கதை. பையின்மேல் பேர் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியில் பென் டிரைவ். வண்டி ஸ்டீரியோக்களில் பல, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவைப் படிக்காது. ஃபேட்32 தான் வேண்டும். 32 ஜிபிக்குள் வாங்கினால் விண்டோஸிலேயே அப்படி ஃபார்மட் செய்துகொள்ளலாம். தமிழில் பேர் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். பையன் இதெல்லாம் சரியாகச் செய்தான். தோடிக்கு 01 என்று ஆங்கில எழுத்தில் பேரும் வைத்தான். ஆனால் அந்த ஸ்டீரியோ பேரைப் பார்க்கிற சாதி இல்லை. எது முதலில் காப்பி ஆனதோ அதைத்தான் முதலில் பாடும். எல்லாவற்றையும் அழித்து, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தமடை தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, வேன் காருகுறிச்சிக்குள் நுழைந்தது. கொரியப் பெண் பிள்ளைகள் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி ஊரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பேத்தி தன் பாட்டுக்குத்தான் என்று நினைத்துச் சிரித்தாள். வீரவநல்லூரில் புல்லாங்குழல். கல்லிடைக்குறிச்சியில் "ஆமா!" அம்பாசமுத்திரத்திலும் "ஆமா!" அதற்குமேல் பொறுக்காமல் விக்கிரமசிங்கபுரத்தில் பேத்தி முன்னால் எட்டிப் பட்டனை அமுக்கித் தள்ளிக்கொண்டே வந்தாள்.

பாபநாசத்தில் எல்லாரும் இறங்கி ஆற்றுக்குப் போனார்கள். டிரைவர் வேனை மரத்தடியில் விட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தார்; ஸ்டீரியோவை அணைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெரியப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"இப்பந்தான் முடிஞ்சுது அண்ணாச்சி" என்றார் டிரைவர். "நல்லா வாசிச்சிருக்காரு. யாரு, நம்ம பக்கத்து ஆளா?"