மைரா ஹெஸ்ஸும் எங்கட மாமாவும்

ஒக்ரோபர் 7, 2025, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தினக் கொண்டாட்டம். மாலை, பொன்னாடை, கேக், பிள்ளைகளின் நடனம். சங்கீத ரீச்சர் என்றபடியால் வாழ்த்துப் பாட்டுக்குச் சுருதி பிடிப்பதும் நான், வாழ்த்தப்படுவதும் நான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மாமா திண்ணையில் இருக்கிறார். கையில் கலாபூஷண விண்ணப்பப் படிவம்.

“பிள்ளை, உதை ஒருக்கா நிரப்பித் தா. எனக்குக் கண் தெரியேல்லை.”

கண்ணெல்லாம் நல்லாத் தெரியும். படிவத்தோடு மல்லுக்கட்ட மனமில்லை, அவ்வளவுதான். கலாபூஷணம் 60 வயது கடந்த கலைஞர்களுக்கு அரசு கொடுக்கும் விருது. மாமாவுக்கு எழுபது எப்போதோ தாண்டிவிட்டது. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என்றால் அவரைத்தான் காட்டுவார்கள். இத்தனை வருசமும் விருது கிருது என்று ஒரு கதையில்லை; இப்போது மாமியின் ஆக்கினை தாங்காமல் வந்திருக்கிறார்.

பெயர், விலாசம், கலைச்சேவை எல்லாம் எழுதியாயிற்று. ஆதாரங்கள் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. போட்டோ, நோட்டீஸ், பேப்பரில் வந்த துண்டுகள் எல்லாம் ஒரு சூட்கேசில் இருந்தவை. அந்தச் சூட்கேஸ் 2009 இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன் வரை வந்தது. செட்டிகுளம் முகாமுக்கு ஆட்கள் மட்டும்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஒக்ரோபர் 8, புதன்

இரவு கரண்ட் இல்லை. போனில் ஆங்கிலேயப் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ்ஸின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

இந்த அம்மாவை எனக்குக் காட்டித் தந்தவர் லண்டனில் பஸ் ஓட்டும் அண்ணா. அவருடைய பஸ் ட்ரபல்கர் சதுக்கத்தால் போகும். அங்கேதான் தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. பியானோவுக்கும் எனக்கும் கனதூரம். வன்னியில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தை விளக்குக் கொண்டுதான் தேடவேண்டும். ஆனால் அண்ணா அனுப்பியது பியானோக் கதை மட்டுமல்ல, யுத்தக் கதையும்.

1939 செப்டெம்பரில் யுத்தம் தொடங்கியதும் லண்டனில் கச்சேரி மண்டபங்கள் மூடப்பட்டன. ஓவியக்கூடத்துப் படங்களையும் குண்டுக்குப் பயந்து வெளியே கொண்டுபோய்விட்டார்கள். பிறகு அவை வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்துக்குள் பத்திரமாக இருந்தன. ஹெஸ்ஸுக்கு அப்போது 49 வயது, பேர்பெற்ற கலைஞர். அமெரிக்கப் பயணத்தை விட்டுவிட்டு, அந்த வெறுங்கூடத்தில் மத்தியானக் கச்சேரி வைக்க இடம் தாருங்கள் என்று இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போய்க் கேட்டார். ஒன்றென்ன, தினமும் வையுங்கள் என்றாராம் கிளார்க்.

ஒரு ஷில்லிங் நுழைவுச்சீட்டு. பேர்பெற்றவரோ புதியவரோ, வாசிக்கிற எல்லாருக்கும் ஒரே சம்பளம், ஐந்து கினி. ஹெஸ் தனக்கு ஒரு சதமும் எடுக்கவில்லை. கன்ரீனில் தேனும் பிளம்ஸும் (உலர்ந்த முந்திரிகை) வைத்த சாண்ட்விச் விற்றார்கள். சனம் அதற்காகவும் வந்ததாம். எனக்குப் பிடித்த விபரம் இதுதான். கச்சேரி என்றால் பக்கத்தில் கடலை வண்டி நிற்கவேண்டும்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

முதல் கச்சேரி நடந்தது 1939 இல் இதே திகதி. மாமா படிவத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதையையும் கேட்டார். ஜேர்மன் விமானங்கள் இரவிரவாகக் குண்டு போட்ட மாதங்களில் கச்சேரியை நிலவறைக்கு மாற்றினார்கள் என்றேன்.

“பங்கருக்குள்ள கச்சேரி வைச்சவையோ?”

“ஓம் மாமா. ஒருக்கா வெடிக்காத குண்டு ஒண்டு அந்தக் கட்டடத்துக்குள்ளயே கிடந்தது. கச்சேரியை நிப்பாட்டேல்லை. தூர ஒரு அறைக்கு மாத்தி வைச்சவை.”

“என்ன பாட்டு வாசிச்சவ?”

“பாக், பீத்தோவன், ஷூபேர்ட்.”

“ஆர் உவையள்?”

முதல் இரண்டு பேரும் ஜேர்மன்காரர், மற்றவர் வியன்னா என்றதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். குண்டு போடுகிறவனுடைய பாட்டையோ? சனம் எறியவில்லையோ? எறியவில்லை, வரிசையில் நின்று கேட்டது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதுவும் சரிதான். கண்ணகி மதுரையை எரிச்சவ. அதுக்காண்டி மதுரைக்காரன் கோவலன் கதை கேக்கிறதில்லையே?”

1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். எட்டு இலட்சத்துக்கு மேல் சனம்.

1941 இல் ஜோர்ஜ் மன்னர் அவருக்கு ‘டேம்’ பட்டம் கொடுத்தார். எங்கள் சேர் பொன். இராமநாதனுக்குக் கிடைத்த ‘சேர்’ எப்படியோ, பெண்களுக்கு அது. அதற்கு முன்னமே, 1936 இல், ஒரு சிறிய பட்டம் கிடைத்திருந்தது. முதலாவது வாசிப்புக்கு, இரண்டாவது, யுத்தத்துக்குள் வாசிப்பை நிறுத்தாமல் விட்டதற்கு. இரண்டாவதுதான் பெரிய மரியாதை என்பது என் எண்ணம்.

அதே 1941 மே மாதம் 3 ஆம் திகதிதான் லண்டனில் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பும் தொடங்கியது. இதைச் சொன்னதும் மாமாவின் முகம் மாறிவிட்டது. தொண்ணூறுகளில் பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய் யானை விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒராள் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். பிபிசி தமிழோசை முடியும்வரை சுற்றுகிற வேலை பெரும்பாலும் என்னுடையது. கை நோகுது என்று வேகத்தைக் குறைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இறங்கும், மாமா அதட்டுவார்.

ஒக்ரோபர் 13, திங்கள்

ஹெஸ்ஸின் ஒலிப்பதிவுகள் பற்றி.

இவ்வளவு சனத்துக்கு முன்னால் வாசித்தவருக்கு ஒலிப்பதிவுக்கூடம் என்றால் வேப்பங்காய். காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊசி நேரே மெழுகுத் தட்டில் வெட்டிக்கொண்டு போகும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடமும் சொச்சமும்தான் கொள்ளும். மூன்றாவது நிமிடத்தில் ஒரு விரல் சறுக்கினால் முழுவதையும் திரும்ப முதலில் இருந்து. வெட்டி ஒட்ட வழியில்லை. சுவரைப் பார்த்து வாசிக்கவேண்டும், பிழையும் விடக்கூடாது என்றால் யாருக்குத்தான் கை ஓடும்? ஒலிநாடா வந்த பிறகு, 1953 இல், பீத்தோவனின் கடைசி சொனாட்டாக்களில் இரண்டைப் பதிந்தார். அவற்றில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்தது ‘ஜீசு, ஜோய் ஒஃப் மான்ஸ் டிசையரிங்’ என்ற அந்தப் பாக் பாட்டு. 1723 இல் பாக் கோயிலுக்கு எழுதிய ஒரு பாடலை ஹெஸ் பியானோவுக்கு மாற்றி 1926 இல் வெளியிட்டார். 1940 இல் அவரே பதிந்த தட்டைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். முதலில் நெல்லுப் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு மேலே தகிட தகிட தகிட என்று திஸ்ர நடை, சங்கராபரணத்தில் நிற்காமல் ஓடும். அதற்குள்ளே இருந்து, மிக நிதானமாக, கோயில் பாட்டு எழும்பும். இரண்டையும் வாசிப்பது ஒரே ஆள், ஒரே நேரத்தில். பாட்டுக்குரிய விரல்களுக்கு மட்டும் கொஞ்சம் பாரம் கூட, ஓடுகிற விரல்களுக்குக் குறைவு. ஆறாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கையால் தகிட தட்டிக்கொண்டு வாயால் நீட்டிப் பாடச் சொன்னேன். வகுப்பு ஒரே சிரிப்பு. கடைசி வாங்கில் இருக்கிற ஒரு பெட்டைக்கு மட்டும் வந்துவிட்டது.

ஆனால் என் வாக்கு, சனத்துக்கு முன்னால் பிடித்த பதிவுகளுக்குத்தான். 1949 இல் அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் வாசித்தது இருக்கிறது. பிறகு, 1942 இல் வெளிவந்த யுத்தகால ஆவணப்படம் ஒன்றில் ஓவியக்கூடத்துக் கச்சேரி வருகிறது: விமானப்படை இசைக்குழுவோடு மொஸார்ட் வாசிக்கிறார், சனத்துக்குள் மகாராணியும் இருக்கிறா. ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிந்தவற்றில் இல்லாத ஒரு துணிவு இவற்றில் இருக்கிறது.

ஒக்ரோபர் 18, சனி

படிவத்துக்காவது ஏதாவது வேண்டுமே என்று மாமாவைக் கதிரையில் இருத்தி, எதிரே ஸ்டூலில் போனை வைத்தேன். கோவலன் மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டைத் தொடங்கினார். இரண்டு வரி. நிறுத்திவிட்டார்.

“ஆருக்குப் பாடுறன்? இந்தச் சாமானுக்கோ?”

திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் நின்றது. மத்தளம் இல்லை, பிற்பாட்டு இல்லை, முன்னுக்கு ஒரு முகம் இல்லை. 2003 இல் பாதை திறந்திருந்த நேரம் லண்டனில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கூத்து ஆடுகிற களரியிலேயே கசற்றில் பிடித்துக்கொண்டு போனார், அதுதான் பதிவு என்றார். அந்தக் கசற்றை யார் வைத்திருக்கிறார்களோ.

டேம் மைரா ஹெஸ்ஸுக்கும் உங்களுக்கும் ஒரே வருத்தம் மாமா என்றேன். “அந்த மனிசிக்கு விளங்கியிருக்கு” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

ஒக்ரோபர் 20, திங்கள், தீபாவளி

ஆட்களைக் கூட்டிவிட்டேன். தண்ணீரூற்றில் இருந்து மத்தளக்காரர், பிற்பாட்டுக்கு மாமியின் தம்பி, முற்றம் நிறைய அயற்சனம். வடை சுட்டு வைத்தால் வன்னியில் எவரும் வருவினம். ஹெஸ்ஸின் சாண்ட்விச் கணக்குத்தான்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டி நின்றுகொண்டே பாடினார். போன் எங்கே இருக்கிறது என்று ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. நடுவில் மழை வந்து தகரத்தில் கொட்டியது. குரலை ஏற்றினாரே தவிர நிற்கவில்லை. “அரை மாத்திரை பிந்துறாய்” என்று மச்சானைப் பார்த்து ஒரு பேச்சு, பிறகு அதே தாளத்தில் அடுத்த அடி. பக்கத்து வளவில் சீனவெடி. முன்வரிசைக் கிழவி ஒருத்தி, மாமாவுக்கு முந்தி, அடுத்த வரியை எடுத்துவிட்டா. முக்கால் மணித்தியாலம் பதிவாகியிருக்கிறது.

ஒக்ரோபர் 25, சனி

அண்ணாவுக்கு அனுப்பினேன். வெடிச்சத்தத்தையும் அந்தப் பேச்சையும் கொம்பியூட்டரில் எடுத்துவிடலாம் என்கிறார். மாமாவிடம் கேட்டேன். பேச்சை எடுத்தால் மச்சான் பிந்தினது மட்டும் நிற்கும், பிழை தன்னுடையது என்று சனம் நினைக்கும், எடுக்காதே என்றார். நியாயம்தானே. கிழவியையும் விட்டாச்சு.

படிவத்தில் ஆதாரம் என்ற இடத்தில் எழுதினேன்: கோவலன் கூத்து, வரவுப் பாட்டுகள், ஒலிப்பதிவு, முள்ளியவளை, 2025. கையெழுத்துப் போடும்போது மாமா, கொலைக்களப் பகுதியைப் பதியக் கேட்காதே, அது களரியில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். மிச்சமெல்லாம் பாடுவாராம். மத்தளக்காரர் வயல் விதைக்கப் போய்விட்டார். அருவி வெட்டு முடியும்வரை ஆளைப் பிடிக்க ஏலாது. அதுவரைக்கும் மாமாவுக்கு ஐஸ்கிறீம் கிடையாது என்று மாமி சட்டம் போட்டிருக்கிறா.