நல்லையா மாஸ்டரும் நம் வந்தாறுமூலை வளவும்

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிற நம்மவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் படிப்பித்தவர்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். அது முறைதான். நான் இம்முறை, ஒருதரமும் நேரில் காணாத ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதுகிறேன். வி. நல்லையா. மட்டக்களப்பு டவுனுக்கு வடக்கே உள்ள வந்தாறுமூலையில் நாம் படித்த மத்திய கல்லூரி நம் பக்கத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கல்லூரி இல்லாவிட்டால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்திருக்கும். என் அண்ணனுக்கு அப்படித்தான் முடிந்தது.

நல்லையா தொழிலால் ஆசிரியர். 1943ல் திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குப் போனார். எங்கள் அப்பா அதைச் ‘சட்டசபை’ என்றுதான் சொல்வார். டொனமூர் யாப்பின் கீழ் 1931ல் ஏற்பட்ட சபை அது. 21 வயதான ஆணும் பெண்ணும் வாக்களித்துத் தெரிவுசெய்தது. வழக்கறிஞர்களும் காணிக்காரர்களும் நிறைந்திருந்த அந்த இடத்துக்கு ஓர் ஆசிரியர் போனதில் எங்கள் ஊராருக்கு இருந்த பெருமை, நான் பிறந்து வளர்ந்த காலத்திலும் குறையவில்லை. அப்பா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நல்லையா மாஸ்டர்’ என்பார். பதவிப் பெயர் எதுவும் அவர் வாயில் வராது.

அவர் சபையில் செய்த பெரிய காரியத்தை நான் அறிந்தது பத்தாம் வகுப்பில், குடியியல் படிப்பித்த சேரிடமிருந்து. 1944 மே மாதம் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்க சபையில் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். நியாயமான காலத்துக்குள் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுச் சிங்களத்தை நாட்டின் அரசகரும மொழியாக்க வேண்டும். எல்லாப் பாடசாலைகளிலும் அதுவே போதனாமொழியாக வேண்டும். பொதுப் பரீட்சைகளில் அது கட்டாய பாடமாக வேண்டும். சேர் இதையெல்லாம் கரும்பலகையில் வெள்ளைச் சோக்கால் வரிசையாக எழுதினார். பிறகு சிவப்புச் சோக்கை எடுத்து, ‘சிங்களம்’ என்று வந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் ‘தமிழும்’ என்று எழுதினார். “இதுதான் நல்லையா கொண்டுவந்த திருத்தம். இது அந்தப் பக்கத்துச் சிங்கள ஆக்களும் சேர்ந்து வாக்களித்து நிறைவேறினது. மறந்துபோகாதீங்க பிள்ளைகள்” என்றார்.

உண்மையில் அப்படித்தான் நடந்தது. ஜயவர்தன அந்தத் திருத்தத்தை எதிர்க்கவில்லை. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் இரண்டு மொழியும் இருக்கட்டும் என்ற பக்கமே நின்றார். திருத்திய பிரேரணை 27க்கு 2 என்ற வாக்கில் நிறைவேறியது. அன்றைக்குச் சபையில் இருந்தவர்கள் எடுத்த முடிவு அப்படியே நின்றிருந்தால் நம்மில் எத்தனைபேர் இந்த மலரை வெளிநாட்டில் இருந்து வாசித்துக்கொண்டிருப்போம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதே பண்டாரநாயக்கவின் ஆட்சியில் 1956ல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அப்போது நல்லையா பாராளுமன்றத்தில் இல்லை.

இந்தத் திருத்தத்தை அரசியல் சாதுரியம் என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கிலப் பள்ளியில் காசு கட்டிப் படித்தவனுக்குத்தான் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை. தமிழ்ப் பள்ளியில் படித்தவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும், மிஞ்சிப்போனால் இன்னொரு தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் ஆகலாம். ஆசிரியர் ஒருவர் இதைத் தினமும் வகுப்பறையில் கண்டிருப்பார். பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள், எந்த மொழியில் சோதனை எழுதுவார்கள் என்பதுதான் அந்தப் பிரேரணையின் உயிர்நாடி. அதைக் கண்டு உடனே எழுந்து நிற்க ஓர் ஆசிரியருக்குக் கூடுதல் காரணம் இருந்தது என்பது என் துணிபு.

பள்ளிக்கூடத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் அப்போது இருந்த பெரிய பள்ளிகள் டவுனிலும் அதை அண்டியும்தான்: மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல், சிவானந்தா. சித்தாண்டி, கிரான், சந்திவெளிப் பிள்ளைகளுக்கு அவை எட்டாத தூரம். கல்வி மந்திரி கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைத் திறந்துகொண்டிருந்த நேரம் அது. 1945ல் இலவசக் கல்வியும் வந்தது. நமக்கான கல்லூரி டவுனுக்குப் போகாமல், வடக்கே பத்து மைல் தள்ளி, வயலும் வெண்மணலும் கசுமரமுமாகக் கிடந்த வந்தாறுமூலைக்கு வந்ததே, அதுதான் பெரிய விஷயம்.

புலமைப்பரிசிலில் விடுதிக்கு வந்தவர்களுக்கு அந்த வளவு நன்றாக நினைவிருக்கும். தகரப் பெட்டி, பாய், தலையணை, விடியமுன் மணி, கிணற்றடியில் வாளிக்குச் சண்டை. மத்தியானச் சோற்றுக்கு வாவி மீன் கறி என்றால் வரிசை நீளும். பெரிய வயற்காரரான போடியார் மகனும் அவர் வயலில் கூலிக்கு வெட்டியவர் மகனும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டோம். எங்கள் ஊரில் அது நடவாத காரியம். கூத்தையும் அங்கே ஒருவரும் குறைவாக நினைக்கவில்லை. கூத்துக் கலைஞரும் ஆய்வாளருமான பேராசிரியர் சி. மௌனகுரு நம் பள்ளியில் படித்தவர் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

1947 முதல் 1956 வரை நல்லையா கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். வாழைச்சேனைக் காகித ஆலையும் அந்தத் தொகுதியில்தான் வந்தது. அதற்கான புகழ் கைத்தொழில் மந்திரியாக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்துக்கு உரியது. ஆனாலும் நம் பக்கத்தார் நல்லையாவையும் சேர்த்தே சொல்வார்கள். நம் வயல் வைக்கோல் அங்கே போய்க் காகிதமானது. நாங்கள் எழுதிய கொப்பித்தாள் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அழுத்தி அழித்தால் கிழியும்.

அப்புறம் 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி, நம் வளவிலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986ல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. பள்ளி இடம் மாறவேண்டி வந்தது. அன்றைக்கு நம்மில் பலருக்கு மனவருத்தம். எனக்கும் இருந்தது. மெத்தப் பாடுபட்டுப் பெற்ற வளவு ஒன்று இன்னும் பெரிய கல்விக்கே போனதை நினைத்து ஆறுதல்பட்டேன். 1990ல் அதே வளவில் ஆயிரக்கணக்கான சனம் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அந்த வளவைப் பற்றி எழுதும் எவரும் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

பல்கலைக்கழகத்தில் நல்லையா பெயரில் ஒரு மண்டபம் இருக்கிறது. பட்டம் வாங்கும் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் 1944ல் என்ன செய்தார் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? எனக்கு ஐயம்தான்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அரசாங்க சபை விவாதங்கள், சபை உரைகளின் பதிவான ஹன்சாட்டில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 1944 மே மாத மொழி விவாதத்தை, நல்லையாவின் உரையோடு தமிழாக்கி, நம் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கும் விதமாகச் சிறு நூலாக அச்சிட வேண்டும். பள்ளி நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் பிரதிகள் கொடுப்போம். மொழிபெயர்ப்பில் நான் பங்கெடுக்கிறேன். அச்சுச் செலவைப் பகிர விரும்புகிறவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் என்னோடு பேசுங்கள்.