அப்படியென்றால் போதுமா?

“புயல் உருவாகக் கடலின் வெப்பம் மட்டும் போதாது ஐயா” என்று நான் சொன்னதற்கு, “அப்படியென்றால் வெப்பம் குறைந்தால் மட்டும் போதுமா தம்பி?” என்று கேட்டார் அந்த மீனவப் பெரியவர். கடலூர் தேவனாம்பட்டினத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இத்தகைய கூட்டங்கள் எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டன.

பேச்சை இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். கரியமில வாயு பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள் போகிறது என்றேன். நாசாவின் அக்வா செயற்கைக்கோள் 15 ஆண்டுகள் திரட்டிய தரவைச் சொன்னேன்: வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு 28 டிகிரியைத் தாண்டினால்தான் கடும் மழை மேகங்கள் திரள்கின்றன, அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அவை 21 சதவீதம் கூடுகின்றன. அவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், “நம் கடல் ஆண்டில் பாதி நாளுக்கு மேல் அந்தச் சூட்டில்தானே இருக்கிறது? தினமும் புயல் வர வேண்டுமே?” என்றார்.

நல்ல கேள்வி. பயிற்சி வகுப்பில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. மேல்காற்று மேகத்தின் தலையைக் கொய்துவிடாமல் இருக்க வேண்டும், நடுவானில் ஈரம் வேண்டும், கீழே ஒரு சுழற்சி வேண்டும். அதனால்தான் வெப்பம் மட்டும் போதாது என்றேன். பிறகுதான் அந்த இரண்டாவது கேள்வி.

“குறையாது ஐயா. இன்னும் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.”

அவர் வலை ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, முடிச்சை இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். “சரி” என்றார். அந்தச் “சரி” எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

நான் சொன்னதில் பிழை இல்லை. கடல் உள்வாங்கிய வெப்பம் நம் காலத்தில் வெளியேறப்போவதில்லை. ஆனால் திரும்பும் வழியில் உடன் வந்த அக்கா, “கரியமில வாயுதான் காரணம், குறைத்தால் நல்லது என்று இரண்டே வரியில் முடித்திருக்கலாமே! தானே புயலில் படகை இழந்தவரிடம் போய் மேல்காற்று, நடுவானம் என்று கதை அளக்கிறாயே” என்றார். கதையா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட பிறகு நகராமல் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது அங்கேயே நின்றதற்குக் கடல் சூடு காரணமல்ல, தள்ளிச் செல்லக் காற்று இல்லை. ஆனால் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரம் சுமக்கும் என்பதும் உண்மை. இதில் எந்தப் பாதியை நான் விழுங்குவது?

விழுங்கியிருக்கலாம் என்றும் சில நேரம் தோன்றுகிறது. டீசலுக்கே நாக்குத் தள்ளுகிற மனிதரிடம் வாயுவைக் குறைக்கச் சொல்ல எனக்கு என்ன தகுதி? பக்கத்து நெய்வேலியில் எரிகிற பழுப்பு நிலக்கரிக்கு முன்னால் அவருடைய படகு எந்த மூலைக்கு? அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஏனென்றால் அதற்கு நான் ஆயத்தமாகவே போயிருந்தேன்.

இப்போது துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். அக்கா எழுதிய வரி: “கடல் சூடானால் புயல்கள் பெருகும்.” புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று விஞ்ஞானிகள் உறுதி சொல்வதில்லை; வலுவானவற்றின் பங்கும் அவை கொட்டும் மழையும் கூடும் என்கிறார்கள். அப்படியே மாற்றி எழுதினேன். ஒரு வரி மூன்று வரியானது. அக்கா படித்துவிட்டு, “இதை யார் படிப்பார்கள்?” என்றார். அந்தப் பெரியவர் படிப்பார் என்றேன். படித்துவிட்டு மறுபடியும் “சரி” என்பாரோ என்னவோ. மூன்று வரியையும் அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.