காலை எட்டு மணிக்கு டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்

2023 டிசம்பர் 27, புதன்

எங்கள் பிஸ்டன்ஸ் அணிக்குத் தொடர்ந்து 27 தோல்வி. ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களை அடுத்தடுத்துத் தோற்ற அணி அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வரலாற்றில் வேறு இல்லை. இதுவரை 26 தான் உச்சம். கிளீவ்லண்டும் ஃபிலடெல்பியாவும் வேறு வேறு ஆண்டுகளில் அதைத் தொட்டிருந்தன. இன்று காலை புரூக்லின் நெட்ஸிடம் 118-112 என்று தோற்று நாங்கள் அவர்களையும் தாண்டிவிட்டோம்.

அங்கே செவ்வாய் இரவு ஏழு மணி என்றால் இங்கே சிங்கப்பூரில் புதன் காலை எட்டு. செங்காங்கிலிருந்து ரயிலில் நின்றபடியே முதல் பாதியைப் பார்த்தேன். மீதியை அலுவலகத்தில், காதில் ஒற்றை இயர்போனுடன். கேட் கன்னிங்ஹம் 41 புள்ளி எடுத்தார், அதில் 37 இரண்டாம் பாதியில் மட்டும். வயது 22. அவர் கூடையை நோக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் மூன்று பேர் சுற்றி நின்றார்கள். அரங்கத்தில் 'அணியை விற்றுவிடு' என்று உரிமையாளர் டாம் கோர்ஸுக்கு எதிராக ரசிகர்கள் கத்தினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

'இளம் அணி, பொறுமை வேண்டும்' என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒக்லஹோமா சிட்டியும் இளம் அணிதான், மேற்குப் பிரிவில் மேலே இருக்கிறது. வயது இங்கே பிரச்சினையே இல்லை. கேட் பந்தோடு உள்ளே நுழையும்போது வெளியே, தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் எறிந்து மூன்று புள்ளி எடுக்கக்கூடியவன் நிற்க வேண்டும். அப்போதுதான் எதிரணி அவனை விட்டு நகரப் பயப்படும், கேட்டுக்கு வழி திறக்கும். எங்களிடம் ஜேலன் டூரன் எறிய மாட்டார், ஆசார் தாம்சனுக்கு எறிதல் இன்னும் வரவில்லை, கிலியன் ஹேஸை யாரும் கிட்டப் போய்க் காவல் காப்பதுகூட இல்லை. காலை எட்டு மணிக்கு புளோக் லிஃப்டுக்குள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்பது போல நடுவில் பத்துப் பேர். அதற்குள் அந்தப் பையன் 41 புள்ளி எடுத்திருக்கிறான்.

போயன் போக்டனோவிச் காயத்தால் முதல் 19 ஆட்டங்கள் ஆடவில்லை. எறியத் தெரிந்த ஒருவர் இல்லாமல் போனதும் முழு அணியும் சரிகிறது என்றால், அணியை அமைத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 31, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! டொராண்டோவுக்கு எதிராக 129-127. முந்தாநாள் ஆட்டத்தில் பாஸ்டனிடம் பெரிய முன்னிலையைக் கைவிட்டு, கூடுதல் நேரத்தில் தோற்று, கணக்கு 28 ஆகியிருந்தது. இன்று அது முடிந்தது. டொராண்டோ அன்றைக்குத்தான் ஓ.ஜி. அனுனோபியை நியூயார்க்குக்கு அனுப்பியிருந்தது, பதிலுக்கு வந்தவர்கள் இன்னும் சேரவில்லை. அதனால் இதை வைத்துப் பெரிதாக எதையும் கணிக்க முடியாது. ஆனாலும் கடைசி விசில் வந்ததும் கேட்டின் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். உயர்நிலை இரண்டு படிக்கிறான், பள்ளி அணியில் இருக்கிறான். "மாமா, இந்த டீம்ல என்ன இருக்குன்னு பார்க்கிறீங்க?" என்றான். சமூக மன்றத்துக்குப் பக்கத்துத் திடலுக்குக் கூட்டிப்போனேன். அவன் நண்பர்கள் நான்கு பேரையும் கூடைக்கு அடியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவனைப் பந்தோடு உள்ளே போகச் சொன்னேன். முடியவில்லை. அப்புறம் இருவரை மூலைக் கோட்டுக்கு அனுப்பினேன். காவல் காத்தவர்களும் பின்னாலேயே போனார்கள். அவன் நேராகப் போய் பந்தைப் போட்டுவிட்டு வந்தான். "முதல்ல நின்னாங்களே, கேட்டுக்கு தினமும் அப்படித்தான்" என்றேன். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

2024 பிப்ரவரி 9, வெள்ளி

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், அலுவலகம் அரை நாள். அதிகாலை நான்கு மணிக்கு வீரர் பரிமாற்றக் கெடு முடிந்தது. எழுந்து பார்த்துவிட்டேன்.

போக்டனோவிச்சும் அலெக் பர்க்ஸும் நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள். குவென்டின் கிரைம்ஸ் வந்திருக்கிறார், கூடவே டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள். யூட்டாவிலிருந்து சிமோனே ஃபொன்டெக்கியோ. ஃபொன்டெக்கியோவை எடுத்தது நல்ல வேலை: எறியத் தெரிந்தவர், ஓடத் தயங்காதவர். போக்டனோவிச்சைப் போன ஆண்டே விற்றிருந்தால் இதைவிட நிறையக் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

பெரிய செய்தி, ஹேஸை விடுவித்தது. 2020 டிராஃப்டில் ஏழாவது இடத்தில் எடுத்த பையன். டிராய் வீவர் மேலாளராக வந்ததும் செய்த முதல் பெரிய தேர்வு. அதே டிராஃப்டில் 12ஆவது இடத்தில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போனார். பருவத் தொடக்கத்தில் பயிற்றுவிப்பாளர் மான்ட்டி வில்லியம்ஸ் ஜேடன் ஐவியை உட்கார வைத்துவிட்டு ஹேஸை ஆட வைத்தார். ஐவியும் ஐந்தாவது இடத்தில் எடுத்த பையன்தான், வேகத்தில் லீக்கிலேயே அவனுக்கு இணை குறைவு. எதிர்காலத்துக்காகத் தோற்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, எதிர்காலத்தை பெஞ்சில் உட்கார வைத்தால் அது என்ன கட்டமைப்பு?

2024 மே 13, திங்கள்

14 வெற்றி, 68 தோல்வி. 1979-80இல் வந்த 16-66ஐவிட மோசம், கழக வரலாற்றின் அடிமட்டம். அதற்குப் பலனாக, டிராஃப்ட் வரிசையை முடிவுசெய்யும் லாட்டரியில் முதல் இடம் கிடைக்க 14 விழுக்காடு வாய்ப்பு. இன்று அதிகாலை மூன்று மணிக்கு முடிவு வந்தது. ஐந்தாவது இடம். கடைசி அணிக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கீழான இடம் அதுதான். 2022இல் ஐந்து, 2023இல் ஐந்து, இப்போதும் ஐந்து. 2023இல் முதல் இடத்தில் போன வெம்பன்யாமா எங்கள் கையைவிட்டு நழுவியதும் இப்படித்தான்.

இதில் எனக்கு ஒரு நிம்மதியும் உண்டு. அதை இங்கே எழுதி வைக்கிறேன். இன்னொரு 19 வயதுப் பையன் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவான் என்று காத்திருப்பதை இந்தக் கழகம் நிறுத்த இதுவே நல்ல நேரம். நான் பிஸ்டன்ஸ் ரசிகனானது 2004இல், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது. இறுதித் தொடரில் லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்திய அந்த அணியில் பென் வாலஸை டிராஃப்டில் ஒருவருமே எடுத்ததில்லை. சான்ஸி பில்லப்ஸ் பல அணிகள் கைமாறி வந்தவர். ரிச்சர்ட் ஹாமில்டன் வாஷிங்டனிலிருந்து வந்தார், ரஷீட் வாலஸ் அந்தப் பருவத்தின் நடுவில்தான் சேர்ந்தார். விளையாட்டைத் தெரிந்த ஆட்களைச் சரியான இடத்தில் நிறுத்திய அணி அது. அந்த ஊர் ரசிகர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் கண்ணால் பார்த்தது.

2024 ஜூன் 20, வியாழன்

வில்லியம்ஸை நீக்கிவிட்டார்கள். ஆறு ஆண்டு ஒப்பந்தம், 78.5 மில்லியன் டாலர், ஒரே ஆண்டில் முடிந்தது. வீவர் ஏற்கெனவே போய்விட்டார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்திருக்கும் டிரேஜன் லாங்டன் இனிப் பொறுப்பு. மிச்சப் பணத்தைக் கொடுத்தாவது தவறை அறுத்துவிட உரிமையாளர் சம்மதித்தாரே, அதற்கு அவருக்கு நன்றி.

2024 ஜூலை 13, சனி

லாங்டன் செய்ததை மூன்று முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

டொபையஸ் ஹாரிஸ், இரண்டு ஆண்டு, 52 மில்லியன். முன்பு எங்களிடம் ஆடியவர், பிளேக் கிரிஃபின் பரிமாற்றத்தில் போனவர். மலிக் பீஸ்லி, ஓராண்டு, வெறும் 6 மில்லியன். டிம் ஹார்டவே ஜூனியரை டாலஸிலிருந்து வாங்கி, கிரைம்ஸைக் கொடுத்து, அதற்கு மேலே மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளையும் கேட்டு வாங்கியிருக்கிறார். மூவரும் நட்சத்திரங்கள் இல்லை. மூவரும் தூரத்திலிருந்து எறிவார்கள், நேரத்துக்கு வருவார்கள், இளைஞர்களுக்கு முன்னால் பெரியவர்களாக நடந்துகொள்வார்கள்.

நண்பர் ஒருவர் தேக்கா உணவங்காடியில் தேநீர் குடித்தபடியே, "இவங்கள வச்சு கப்பு அடிக்க முடியுமா?" என்று கேட்டார். கப்புக்கு இல்லை அண்ணே, கேட்டுக்கு மூச்சுவிட இடம் வேண்டும், அதற்கு என்றேன். கேட்டுக்கு 224 மில்லியனில் ஐந்தாண்டு நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பணம் கொடுத்த வீரனுக்கு வழி திறந்துவிடுவதுதான் முதல் வேலை.

பயிற்றுவிப்பாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். கிளீவ்லண்டைப் போன பருவத்தில் 48 வெற்றிக்குக் கொண்டுபோனவர், அதன் பிறகும் நீக்கப்பட்டவர். தற்காப்பைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர். ஆசாரையும், இந்த ஆண்டு ஐந்தாவது இடத்தில் எடுத்த ரான் ஹாலண்டையும் அவர் கையில் கொடுத்தது சரியான முடிவு.

2025 ஜனவரி 2, வியாழன்

ஆர்லண்டோவை வென்றோம். ஆனால் ஐவியின் இடது கால் எலும்பு முறிந்தது. தரையில் உருண்ட பந்துக்காகப் பாய்ந்த எதிரணி வீரர் ஐவியின் காலில் விழுந்தார். ஐவி இந்தப் பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் 40 விழுக்காட்டைத் தாண்டியிருந்தான். போன ஆண்டு பெஞ்சில் வதங்கிய பையன் இவன்தானா என்று கேட்கும்படி ஆடிக்கொண்டிருந்தான். இன்று இதற்கு மேல் எழுத மனம் இல்லை.

2025 ஏப்ரல் 22, செவ்வாய்

44 வெற்றி. 82 ஆட்டப் பருவத்தில் முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்குக்கு மேல் ஜெயித்த முதல் அணி இதுதான். பீஸ்லி 319 முறை மூன்று புள்ளி எறிதலைக் கூடைக்குள் போட்டு கழகச் சாதனை படைத்தார். அந்த 6 மில்லியன் மனிதர்! கேட் முதல் முறையாக ஆல்-ஸ்டார்.

ஒரு கணக்கை இங்கே குறித்தாக வேண்டும். ஐந்தாவது இடத்தில் எடுத்த ஹாலண்டைத் தவிர, 14 வெற்றி ஆண்டின் இளைஞர்கள்தான் இந்த ஆண்டும் ஆடினார்கள். கேட், டூரன், ஸ்டூவர்ட், ஆசார், காயம் வரை ஐவி. சுற்றி நின்றவர்களும், பயிற்றுவிப்பாளரும் மாறினார்கள். முப்பது வெற்றி கூடிவிட்டது.

இன்று காலை நியூயார்க்கில் நிக்ஸை 100-94 என்று வென்றோம். 2008க்குப் பிறகு பிளேஆஃப்பில், அதாவது பருவம் முடிந்து கோப்பைக்காக ஆடும் சுற்றில், முதல் வெற்றி. நடுவில் பிளேஆஃப்பில் 15 தொடர் தோல்விகள், அதுவும் லீக் சாதனைதான். கேட் 33 புள்ளி, 12 ரீபவுண்ட். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது டென்னிஸ் ஷ்ரோடர் எறிந்த மூன்று புள்ளிதான் ஆட்டத்தை எங்கள் பக்கம் திருப்பியது. பிப்ரவரியில் லாங்டன் கொண்டுவந்த இன்னொரு பெரியவர். முதல் ஆட்டத்தில் நிக்ஸ் தொடர்ந்து 21 புள்ளி எடுத்து எங்களைக் கவிழ்த்த பிறகு, இளம் அணி மட்டும் இருந்திருந்தால் இங்கே எழுந்து நின்றிருக்காது. ரயிலில் பக்கத்தில் நின்ற பெரியம்மா என் கை நடுங்குவதைப் பார்த்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கைப்பேசியைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

2025 மே 2, வெள்ளி

தேர்தலுக்கு முந்தைய அமைதி நாள். ஊரில் பிரசாரச் சத்தம் ஓய்ந்திருக்கிறது.

ஆறாவது ஆட்டத்தை 116-113 என்றும் தொடரை 4-2 என்றும் நிக்ஸிடம் தோற்றோம். 4.3 வினாடி இருக்கும்போது ஜேலன் பிரன்சன் ஆசாரை நகர்த்திவிட்டு மூன்று புள்ளி எறிந்தார். ஆசார் தற்காப்பில் தவறு செய்யவில்லை, பிரன்சன் அப்படிப்பட்ட வீரர்.

சொந்த அரங்கில் ஆடிய மூன்றையும் தோற்றோம்: 118-116, 94-93, 116-113. மூன்றும் சேர்த்து ஆறே புள்ளி வித்தியாசம். நான்காவது ஆட்டத்தின் கடைசி எறிதலில் ஹார்டவே மீது தவறு நடந்ததை நடுவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். நியூயார்க்கில் ஐந்தாவது ஆட்டத்தையும் வென்றிருக்கிறோம். ஸ்டூவர்ட் முதல் ஆட்டத்துக்குப் பிறகு முழங்கால் வலியால் ஆடவே இல்லை. இந்தத் தோல்வி வலிக்கிறது, போன ஆண்டு வலித்த விதத்தில் இல்லை.

இப்போது வேலை பற்றி. பீஸ்லி, ஹார்டவே, ஷ்ரோடர் மூவரின் ஒப்பந்தமும் முடிகிறது. மூவரையும் வைத்துக்கொள்ள முடியாது என்று தெரியும். ஆனால் எறிபவர்களைக் குறைத்தால் நாம் திரும்பவும் நடுவில் பத்துப் பேர் நிற்கும் இடத்துக்குப் போவோம். குறைந்தது ஒருவரை வைத்துக்கொண்டு, போகிறவருக்கு ஈடாக இன்னொரு எறிபவரைக் கொண்டுவர வேண்டும். கடைசி நிமிடங்களில் பந்து முழுவதும் கேட் கையில்தான் இருந்தது, நிக்ஸ் அதைத் தெரிந்துகொண்டு இருவரை அனுப்பினார்கள். ஐவி திரும்பி வந்தால் அந்தச் சுமையில் பாதி இறங்கும். அதனால்தான் அவனை இப்போது விற்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆசாரும் ஹாலண்டும் ஒரே நேரத்தில் ஆடினால் இடம் சுருங்குகிறது. கோடையில் இருவரில் ஒருவராவது மூலையிலிருந்து எறியப் பழகியே ஆக வேண்டும்.

இந்த ஆண்டு எங்களுக்கு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு கிடையாது. 2020இல் ஸ்டூவர்ட்டை வாங்கக் கொடுத்த உரிமை இப்போதுதான் கைமாறுகிறது. போகட்டும். ஸ்டூவர்ட்டுக்காக அதைக் கொடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.